ரத்தம் ஊறும் மாத்திரை பிறந்த கதை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால், அந்த வீட்டு அலமாரியில் சிவப்பு மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் கொடுப்பது. சீனிப் பூச்சு பூசிய ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நாலாம் மாதம் தொடங்கித் தினம் ஒன்றாக 180 நாள் போட வேண்டும். பிள்ளை பெற்ற பின் இன்னும் 180 நாள். சத்து மாத்திரை என்பார்கள், இரும்பு மாத்திரை என்பார்கள். வயதானவர்களுக்கு அது ரத்தம் ஊறும் மாத்திரை.

அட்டையோடு கூடவே சில வார்த்தைகளும் வரும். "சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போடும்மா. டீ, காப்பி, பாலு கூடச் சேக்காத. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒண்ணாப் போடாத, நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்கட்டும். வெளிக்கி கருப்பாப் போவும், அதுக்கெல்லாம் பயந்துக்காத." கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நாளைக்கு இதை எத்தனை பேரிடம் சொல்கிறாரோ! இந்த வார்த்தைகள் இல்லாவிட்டால் மாத்திரை பாதி மாத்திரைதான் என்பது என் எண்ணம். அது பிறந்த கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் இன்னும் உறுதியானது. ஏழைக் கர்ப்பிணிகளிடம் போய், "தினமும் என்ன சாப்பிடுகிறாய்?" என்று ஒரு மருத்துவர் பொறுமையாகக் கேட்டதிலிருந்து பிறந்த மருந்து அது.

திண்டிவனத்திலிருந்தே தொடங்கலாம். 1890-ஐ ஒட்டிய காலம். அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த இந்த ஊரில் அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். நோயுற்ற தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள் அவர் மகள் ஐடா. இருபது வயது. மருத்துவம் படித்தவள் இல்லை, படிக்கும் எண்ணமும் இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரும்படி அவளைக் கூப்பிட்டார்கள். அப்பாதான் மருத்துவர், அவர் வருவார் என்றாள். பெண்ணைப் பார்க்க ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1899-இல் கார்னெலில் பட்டம் வாங்கித் திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை கட்டினார். 1918-இல் அங்கே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி.யின் வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லாரும் திண்டிவனத்து இரவிலிருந்துதான் தொடங்குவார்கள்.

அந்த மூன்று பெண்களும் எதனால் இறந்தார்கள் என்று பார்க்க, உள்ளே போக ஒருவருக்கும் வழி இருக்கவில்லை. பிரசவத்தில் பெண் சாவது விதி என்று விட்டுவிட்ட காலம் அது. உள்ளே போகக்கூடியவர்கள் பெண் மருத்துவர்கள் மட்டும்தான். அவர்கள் போகத் தொடங்கிய பிறகே, எந்தப் பெண், எந்த மாதத்தில், எப்படி வெளுத்துப் போய்ச் சாகிறாள் என்ற கணக்கு எழுதப்பட்டது. சென்னையில் மேரி ஷார்லிப் 1885-இல் தொடங்கிய, சாதிப் பெண்களுக்கும் பர்தாவுக்குள் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை அப்படி ஒரு கதவைத் திறந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர்ப்பலகை இருந்தாலும், ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். நம் மாத்திரையின் கதையில் அந்தக் கட்டடத்துக்கு ஓர் இடம் உண்டு.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். வயது நாற்பது. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் மண்ணியலும் படித்து, அதன் பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானவர். இந்தியாவில் பிரசவ மரணங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த மார்கரெட் பால்ஃபர் அழைத்துத்தான் வந்தார். அவர்கள் முன்னால் இருந்த நோய் கொடுமையானது. கர்ப்பம் முற்றும் மாதங்களில் பெண்ணின் ரத்தம் நீர்த்துப் போகும். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெருத்துவிடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும், இதிலோ நேர்மாறு. இரும்பு கொடுத்தாலும் கேட்காது. மூச்சு வாங்கும், கால் வீங்கும், பிரசவத்தோடு பலர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

வில்ஸ் நுண்ணோக்கியில் ரத்தத்தைப் பார்த்ததோடு நிற்கவில்லை. நோயுற்ற பெண்கள் எங்கே வாழ்கிறார்கள், எத்தனை அறையில் எத்தனை பேர், என்ன சமைக்கிறார்கள், யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். மெஹ்தா, தல்படே என்ற இந்தியச் சக ஊழியர்களோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்று முழுக்க பம்பாய்ப் பெண்களின் உணவும் இருப்பிடமும் பற்றியது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், அதிலும் பர்தாவுக்குள் இருந்த ஏழை முஸ்லிம் பெண்களிடம் இந்த நோய் அதிகம். அவர்கள் தட்டில் பழமும் கீரையும் அரிது. வசதியான வீடுகளில் நோய் அரிது. தொற்றாக இருந்தால் இப்படி வீடு பார்த்து வருமா? சோற்றில் இல்லாத ஏதோ ஒன்றுதான் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான்.

1929-இல் குன்னூருக்கு மாறினார். குன்னூரின் பாஸ்டர் நிலைய வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்து, எந்த எலி தேறுகிறது, எது தேய்கிறது என்று பார்த்த இடம். வில்ஸ் அங்கே பம்பாய்ப் பெண்களின் சாப்பாட்டையே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. குட்டி போடுமுன் சாகவும் செய்தன. ஈஸ்ட் சேர்த்தபோது சோகை வரவில்லை. எலிகளின் பேன் வழியே பரவிய ஒரு கிருமியும் அந்தச் சோகையில் பங்கெடுத்தது என்று பின்னால் தெரிந்தது. அதனால் குழப்பம் வந்தது, திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது, குரங்குகளிடம் போக வேண்டியிருந்தது. ஆனால் ஈஸ்ட் காட்டிய வழி சரியான வழி.

ஈஸ்ட் என்றால் அந்நாளில் மலிவாகக் கையில் கிடைத்தது மார்மைட். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டைக் காய்ச்சிச் செய்யும் கறுத்த, உப்பு கரிக்கும் பசை. இலங்கைத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பாணில் தடவித் தின்று வளர்ந்தவர்கள். மரணத்தின் வாசலில் இருந்த கர்ப்பிணிகளுக்கு இந்தப் பசையை வில்ஸ் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே புதிய சிவப்பணுக்கள் ரத்தத்தில் தலைகாட்டின. பெண்களுக்குப் பசி எடுத்தது, முகத்தில் களை திரும்பியது. 1931-இன் தொடக்கத்தில் அவர் வேலை செய்தது சென்னை கோஷா ஆஸ்பத்திரியில். பம்பாயிலும் சென்னையிலுமாகக் கண்டதை அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். பெயர் தெரியாத அந்தச் சத்தை மருத்துவ உலகம் வில்ஸ் காரணி என்று அழைத்தது.

இந்தக் கண்டுபிடிப்பில் இன்னொரு நுட்பமும் இருந்தது. பெர்னீஷியஸ் அனீமியா என்ற கொடிய சோகைக்கு ஈரல் சாறு மருந்து என்று அதற்கு முன்பே தெரியும். ஈரலை அரைகுறையாக வடித்த சாறு வில்ஸின் நோயாளிகளைக் குணப்படுத்தியது. நன்றாகச் சுத்தம் செய்து வடித்த சாறு குணப்படுத்தவில்லை. சுத்தம் செய்யும்போது கழிந்துபோகும் ஏதோ ஒன்றுதான் இந்தப் பெண்களுக்குத் தேவை. அதாவது ஈரலில் ரத்தத்துக்கான சத்து இரண்டு உண்டு. ஒன்று ஃபோலிக் அமிலம் என்றும் மற்றது பி12 என்றும் பெயர் பெற இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

குன்னூரை விட்டு நகருமுன் ஒரு புத்தகத்தைச் சொல்லியாக வேண்டும். மெக்காரிசனுக்குப் பின் வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், 1937-இல் 23-ஆம் எண் சுகாதார வெளியீடு என்று ஒரு சிறு நூலைக் கொண்டுவந்தார். கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்பு, முருங்கைக்கீரையில் எவ்வளவு இரும்பு என்று இந்திய உணவுகளின் சத்தைப் பட்டியலிட்ட முதல் எளிய கையேடு. சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலனும் அவர் சகாக்களும் பின்னால் அதை வளர்த்து எழுதினார்கள். இன்று நம் ஊர் உணவு ஆலோசகர் ஒருவர், "முருங்கைக்கீரை சேர்த்துக்குங்க, கேழ்வரகுக் களி சாப்பிடுங்க" என்று சொல்லும்போது, அந்தப் பேச்சின் வேர் குன்னூர் மலைமேல் இருக்கிறது. மாத்திரையும் சாப்பாட்டு ஆலோசனையும் ஒரே வீட்டில், சில ஆண்டு இடைவெளியில் பிறந்தவை.

பெயரில்லாத சத்துக்கு உருவம் கிடைத்தது அமெரிக்காவில். 1941-இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் நாலு டன் பாலக் கீரையை அரைத்து வடித்து, துளியளவு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கீரையிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்து எடுக்க முடியுமா? ஆலையில் செய்தால்தான் ஏழைக்குக் கிடைக்கும். அந்த வேலையை முடித்தது, நியூயார்க் மாகாணத்து லெடர்லே நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள்.

சுப்பாராவ் பீமாவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றோடு வெளியே வந்தவர். சகோதரர் ஒருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தார்; தின்றது உடம்பில் ஒட்டாமல், சோகை பிடித்து உருகவைக்கும் நோய். அதே நோய் அவரையும் பிடித்து, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். 1922-இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர் குழு செய்த ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோயாளிகளையும் எழுந்து நடமாட வைத்தது. 1948 ஆகஸ்டில், 53 வயதில், அமெரிக்காவிலேயே இறந்தார். நம் மாத்திரையில் பாதி அவருடையது என்று விழுப்புரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆலையில் செய்த வைட்டமின் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் மறுபக்கமும் தெரிந்தது. பி12 குறைவால் சோகை வந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ரத்தம் தேறியது, நரம்பு தேறவில்லை. கால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் கூடிக்கொண்டே போனது. ரத்தப் பரிசோதனைச் சீட்டு நன்றாக இருப்பதால் நோய் மறைந்தே கிடக்கும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் ஃபோலிக் வகை மருந்து நோயைத் தூண்டிவிடுவதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்குப் பட்டது. அதற்கு நேரெதிரான மருந்து இருந்தால் என்று அவர் கேட்க, சுப்பாராவின் குழு செய்து கொடுத்ததே அமினோப்டெரின். அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட். வைட்டமின்தானே, தின்றால் என்ன கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு இந்த இரண்டும் 1940-களிலேயே வந்துவிட்ட பதில்கள். யாருக்கு, எவ்வளவு, எதோடு என்று கேட்காமல் கொடுக்கக்கூடிய சத்து ஒன்றும் கிடையாது.

இரும்பின் பக்கமும் லூசி வில்ஸ் இருந்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி. இரண்டாம் உலகப் போரில் ரேஷன் காலத்து லண்டனில், கர்ப்பிணிகள் எல்லாருக்கும் வழக்கமாக இரும்பு கொடுத்தால் ரத்த அளவு என்ன ஆகிறது என்று அளந்து 1947-இல் எழுதியிருக்கிறார்.

ஐடா ஸ்கடரின் வேலூருக்கும் இந்தக் கதை திரும்பி வருகிறது. சி.எம்.சி.யில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலியரும் வி. ஐ. மத்தானும் ஸ்ப்ரூவையும் சோகையையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தென்னிந்தியக் கர்ப்பிணிகள் 1000 பேரிடம் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் எவ்வளவு இருக்கின்றன என்று யூசுஃப்ஜி என்ற ஆய்வாளரோடு அவர்கள் அளந்த கட்டுரை 1973-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. எவ்வளவு இரும்பு கொடுத்தால் பலன் கிடைக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் டெல்லியும் வேலூரும் சேர்ந்து சோதித்து 1975-இல் எழுதின. வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் கொடுத்த ரத்தத்திலும்தான் இந்த அளவுகள் எழுதப்பட்டன.

இதற்கிடையே 1970-இல் இந்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், 100 மாத்திரை. 1990-களின் தொடக்கத்தில் இரும்பை 100 மில்லிகிராமாக உயர்த்தினார்கள். வயிறு எரிகிறது, மலச்சிக்கல், குமட்டல் என்று பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018-இல் வந்த திட்டத்தில் மீண்டும் 60 ஆனது. பள்ளிப் பிள்ளைகளில் சின்னவர்களுக்கு இளஞ்சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம், பெரியவர்களுக்குச் சிவப்பு என்று நிறமும் பிரிந்திருக்கிறது.

அரை நூற்றாண்டாக மாத்திரை வந்துகொண்டிருக்கிறது. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோகை. இதற்குக் காரணம் பல. மாத்திரை வீடு வரை வருவதும் வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல என்பது அவற்றில் முதன்மையானது. போட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பயம் கிராமத்தில் இன்னும் இருக்கிறது. மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லும் மாமியாரும் உண்டு. "வாந்தி வருதுக்கா, அதான் போடல" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிற பெண்ணைத் திட்டினால் அடுத்த மாதம் அவள் உண்மையைச் சொல்லமாட்டாள், "போட்றன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். "ராத்திரி படுக்கப்போவும்போது போட்டுப் பாரும்மா, வாந்தி தெரியாது" என்று சொல்கிற செவிலியர் அந்த அட்டையில் மீதியிருக்கும் மாத்திரைகளுக்கும் உயிர் கொடுக்கிறார். கூடவே மாமியாரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டால் இன்னும் நல்லது. வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும், எடுத்து ஒளித்து வைக்கவும் வல்லவர் அவர்தான்.

சாப்பாட்டையும் கேட்க வேண்டும், வில்ஸ் கேட்ட மாதிரி. விழுப்புரம் மாவட்டத்தில் கேட்டால் பதில் மோசமாக இருக்காது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற பூமி இது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் இந்தியா முழுக்கப் பயிரானது. பெயரில் இருப்பதே திண்டிவனம்தான். பச்சை மல்லாட்டை 100 கிராமில் 240 மைக்ரோகிராம் அளவுக்கு ஃபோலேட் உண்டு. வறுத்தால் குறையும். பாசிப்பயறு, தட்டைப்பயறு, அகத்தி, முருங்கை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் சத்து அதோடு போய்விடும் என்பதையும், அந்தத் தண்ணீரிலேயே ரசம் வைத்துவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஆலோசனை. நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். இத்தனையும் சாப்பிட்டாலும் கர்ப்ப காலத்து இரும்புத் தேவைக்குப் போதாது, மாத்திரை வேண்டும். சாப்பாடு இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடும் பெண்ணுக்கும், மாத்திரை இருக்கிறதே, சாப்பாடு எதற்கு என்று நினைக்கும் வீட்டுக்கும் இதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. சீனிப் பூச்சு பூசிய சிவப்பு மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாயாகத்தான் தெரியும். ஒரு கை நிறையத் தின்றால் இரும்பு நஞ்சாகி உயிரையே எடுத்துவிடும். அட்டையைக் கொடுக்கும்போதே, மூத்த பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திராமல் அப்போதே முண்டியம்பாக்கம் அல்லது திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மெடிக்கல் கடைகள். அங்கே நிலைமை வேறு. சோர்வாக இருக்கிறது என்றால் ஒரு சத்து மாத்திரை, முடி கொட்டுகிறது என்றால் இன்னொன்று, கை கால் மரத்தால் மூன்றாவது. மூன்று அட்டையிலும் பின்னால் பொடி எழுத்தில் ஒரே பி வைட்டமின்கள் இருக்கலாம். வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைத் தினம் ஒன்றாகப் போட்டால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிச் சிறுநீரகம் கெடும். வைட்டமின் ஏ நிறைந்த மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை கர்ப்பிணிக்கு ஆகாது. வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு. சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் போடுகிறவருக்கு பி12 குறையலாம். முழுச் சைவக்காரருக்கும் அப்படியே. அவர்கள் கால் எரிச்சலுக்குக் கடையில் கேட்டு ஃபோலிக் மாத்திரை மட்டும் வாங்கிப் போடுவது 1940-களின் அந்தப் பழைய விபத்தைத் திரும்ப அழைப்பதாகும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்களுக்கு மருத்துவரே ஃபோலிக் அமிலமும் எழுதித் தருவார். அங்கே மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான், எந்த நாள் எந்த மாத்திரை என்பதில் குழம்பினால் உயிருக்கே ஆபத்து. நாள்காட்டியில் கிழமையைச் சுழித்துக் கொடுக்கும் மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும், டானிக்கையும், லேகியத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய் மேஜைமேல் கொட்டிவிடுவதுதான் நோயாளி செய்யக்கூடிய மிக நல்ல காரியம்.

மாத்திரையின் கதையில் கடைசியாகப் பிறந்த அத்தியாயம் 1991-இல் எழுதப்பட்டது. முதுகுத்தண்டு மூடாமல் ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மார்களை ஏழு நாடுகளில் சேர்த்து, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒரு சோதனை நடத்தியது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு, அடுத்த பிள்ளையிலும் அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. லூசி வில்ஸ் தாய்க்காகத் தேடிய சத்து, பிள்ளையின் முதுகெலும்பையும் காக்கும் என்று அப்போது நிலைநாட்டப்பட்டது. வில்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை; 1964-இலேயே மறைந்துவிட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளையின் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் உணர்வதே ஏறக்குறைய அப்போதுதான். செவிலியரிடம் பதிந்து, அட்டை வாங்கி, நாலாம் மாதம் சிவப்பு மாத்திரையைத் தொடங்கும்போது அந்த வேலை எப்போதோ முடிந்துபோயிருக்கும். அதனால்தான் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கி முதல் மூன்று மாதம் வரை தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறது அரசின் வழிகாட்டல். ஏற்கெனவே அப்படியொரு குறையோடு பிள்ளை பிறந்த வீட்டில் அளவு இதைப்போலப் பத்து மடங்கு, அதை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை போட்டுக்கொண்டிருந்த பெண், படிப்பு முடிந்ததும் செவிலியரின் கண்ணிலிருந்து மறைந்து, கல்யாணமாகி, அடுத்த ஊருக்கு மருமகளாகப் போய், வயிற்றில் மூன்று மாதத்தோடுதான் மறுபடி பதிவேட்டில் ஏறுகிறாள். அந்த இடைவெளியில் அவளிடம் பேச யாராவது வேண்டும். செஞ்சியிலோ மயிலத்திலோ வானூரிலோ கல்யாணம் ஆன புதிதில் தலைவலிக்கு மருந்து வாங்க வரும் பெண்ணிடம் மருந்தாளுநர் பேசலாம். மறுவீட்டு விருந்துக்கு வந்த அக்கா பேசலாம். சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற அத்தை பேசலாம். "குழந்தை வேணும்னு நெனச்சா, இப்பவே போயி நர்ஸம்மாவ ஒருக்கா பாத்துட்டு ஃபோலிக் மாத்திரை வாங்கிக்கோ பாப்பா" என்று அவள் காதில் போட அரை நிமிஷம் போதும்.